பதினைந்து வயதில் பனிக்கட்டி

சின்ன காஞ்சிபுரத்தில் பனி என்றால் மார்கழி மாத வைகறையில் வரதராஜப் பெருமாள் கோவில் கோபுரத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் மூடுபனிதான். அதைத் தவிர வேறு பனியை எங்கள் ஊர் அறியாது. பனிக்கட்டி என்பது மீன் கடைக்கும் கல்யாண வீட்டுக்கும் சாக்குச் சுற்றி வண்டியில் வந்து இறங்கும் ஒரு பண்டம். வெயிலில் வைத்துவிட்டு மறந்தால், வைத்த இடத்தில் ஈரம் ஒன்றே மிஞ்சும். இப்படிப்பட்ட ஊரில், 2025ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு நாள், பத்தாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி சரித்திர பாடம் முடிந்ததும் என் மேஜையருகில் வந்து நின்றாள்.

"ஸார், ஐஸ் ஹாக்கி கற்றுக்கொள்ள வேண்டுமானால் எங்கே போக வேண்டும்?"

நான் சிரித்துவிட்டேன். இருபது வருஷங்களாக உபாத்தியாயராக இருப்பவன் செய்யத் தகாத காரியம் அது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நம் தேசத்துப் பெண்கள் வெண்கலப் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள் ஸார், படம் பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பள்ளிக்கூடத்து ஹாக்கிக் குழுவில் ஆடுகிறவள். தகப்பனாரும் பாட்டனாரும் பட்டு நெசவாளிகள். குளிர் பிரதேசம் என்று அவள் கண்டது திருத்தணி மலைக் காற்றைத்தான் என்று நினைக்கிறேன்.

அன்றிரவு விசாரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது முற்றிலும் உண்மை. 2025 ஜூன் மாதத்தில், ஐக்கிய அரபு நாட்டைச் சேர்ந்த அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கிப் பந்தயத்தில் நம் இந்தியப் பெண்கள் மூன்றாவது ஸ்தானம் பெற்று வெண்கலப் பதக்கம் வென்றிருந்தார்கள். பாலைவனத்து நகரில், கட்டடத்துக்குள் உறைய வைத்த பனிக்கட்டியின் மேல், இமயமலைப் பெண்கள் நம் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். நமக்கோ செய்தியே எட்டவில்லை. கிரிக்கெட்டில் ஒருவர் விரலில் சுளுக்கு என்றால் தெருவெல்லாம் பேசுகிற நாம் இதைப் பற்றி வாய் திறக்காதது ஏன் என்று தெரியவில்லை.

ஹாக்கி என்றால் நமக்குப் பழக்கமான விளையாட்டுத்தான். கோவிற்பட்டிப் பக்கத்தில் சிறு பையன்களும் அதன் நுட்பங்களைப் பேசுவார்கள். ஆனால் ஐஸ் ஹாக்கி அதற்குத் தம்பி என்று சொல்ல முடியாது. ஒன்றுவிட்ட சகோதரன் என்று வேண்டுமானால் சொல்லலாம். பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற ரப்பர் வட்டு. அதன் குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை ஏறக்குறைய 160 கிராம். துள்ளாமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக அதையும் ஆட்டத்துக்கு முன் குளிர வைத்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்குக் கோல் கீப்பரையும் சேர்த்து 6 பேர். 20 நிமிஷம் கொண்ட மூன்று பகுதிகள். ஓட்டத்தின் வேகம் எத்தகையது என்றால், முக்கால் நிமிஷம் ஆடியவர் மூச்சு வாங்க வெளியேறி, வேறொருவர் உள்ளே குதிக்கிறார். நம் ஹாக்கியில் மட்டையின் ஒரு புறத்தால் மட்டுமே அடிக்கலாம். அதில் இரு புறமும் செல்லும். ஆகையால் தரை ஹாக்கி ஆடிய கைக்குப் பாதி வித்தை முன்னமே வந்திருக்கும். மீதிப் பாதி காலில் இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆளைக் கீழே தள்ளுகிறது.

கீழே தள்ளும் என்பதை அநுபவத்தில் சொல்கிறேன். அவ்வருஷத்து அரையாண்டு விடுமுறையில் லடாக் பிரதேசத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாணவிக்கு விடை தேடித்தான் போனேன் என்று சொன்னால் பொய். மைத்துனர் மூன்று வருஷமாக அழைத்துக்கொண்டிருந்தார். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் இரண்டு நாளும் மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடக்கும். பேசாமல் படுத்திருக்க வேண்டியதுதான். மூன்றாம் நாள் கர்ஸூ என்ற குளத்துக்கு அழைத்துப் போனார்கள். குளம் என்றால் நம் அனந்தசரஸைப் போலப் படித்துறை கட்டியதன்று. நகரத்து நடுவே இலையுதிர்ந்த மரங்களின் அருகில், அசல் வெள்ளித் தாம்பாளம்போல் உறைந்து கிடக்கிறது. பகலெல்லாம் ஸ்கேட்ஸ் கீறிய வடுக்களைப் பெருக்கித் துடைத்து, இரவில் அதன்மேல் தண்ணீர் விடுகிறார்கள். விடிவதற்குள் அது கண்ணாடியாகிவிடுகிறது. மேல்நாடுகளில் இந்த வேலையைச் செய்யும் இயந்திரத்தை ஸாம்போனி என்ற அமெரிக்கர் 1949இல் செய்து முடித்தார். லேயில் நெடுநாள் துடைப்பமும் வாளியுமே ஸாம்போனி.

பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்கள் பத்துப் பேர் அங்கே பழகிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர்களுக்கு உத்ஸாகம் பிறந்துவிட்டது. ஒரு ஜோடி ஸ்கேட்ஸ் என் காலில் ஏறியது. ஸ்கேட்ஸின் அலகு கத்திபோல் ஒற்றை முனை உடையது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அப்படியன்று. அடிப்புறத்தில் நீளவாட்டில் ஒரு குழிவு ஓடுகிறது. அதனால் உள் விளிம்பு, வெளி விளிம்பு என இரண்டு விளிம்புகள் உண்டாகின்றன. எந்த விளிம்பின்மேல் உடம்பைச் சாய்க்கிறோமோ அதற்குத் தக்கபடி திரும்புகிறோம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். கால் தெரிந்துகொள்வதற்குள் நான் மூன்று தரம் விழுந்துவிட்டேன்.

மூன்றாம் தரம் விழுந்தபோது ஒரு சிறுமி பக்கத்தில் வந்து நின்று ஹிந்தியில் பாடம் நடத்தினாள். "அங்கிள்ஜி, காலைப் பார்க்காதீர்கள், எதிரே பாருங்கள். முழங்காலை மடக்குங்கள். நிமிர்ந்து நின்றால் விழுவீர்கள். மட்டையை ஊன்றுகோலாக்காதீர்கள், அது பழகிவிட்டால் போகாது." பிறகு எழுந்திருக்கும் முறையைக் காட்டினாள்: ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலை முன்னே வைத்து, அதன்மேல் இரு கையையும் அழுத்தி எழ வேண்டும். பின்புறமாக விழக் கூடாது. விழுகிறோம் என்று தெரிந்ததும் பக்கவாட்டில் சாய்ந்துவிட வேண்டும். முதல் வாரம் முழுவதும் அவர்களுக்கு இந்தப் பாடந்தானாம். கணக்கு வாத்தியாரைவிடக் கண்டிப்பாக இருந்தாள். அவளே ஸ்கேட்ஸ் கட்ட ஆரம்பித்து இரண்டு குளிர்காலந்தான் ஆகியிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

கனடா தேசத்தில் குழந்தைகள் நான்கு ஐந்து வயதிலேயே பனிக்கட்டியில் இறங்கிவிடுகிறார்கள். பதின்மூன்று வயதில் ஆரம்பிப்பவரை அங்கே காலங்கடந்து வந்தவர் என்பார்கள். லடாக்கிலோ ஐஸ் ஹாக்கியே காலங்கடந்து வந்த விருந்தாளி. 1970களில் அங்கே காவல் இருந்த ராணுவத்தினரிடையே அது வேரூன்றியது. ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஸ்கேட்ஸ் செய்துகொண்டவர்கள் உண்டு. 1989இல் இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்தது. அவ்வளவும் ஆண்கள் விளையாட்டு. பெண்கள் கேட்டால், ஆண்கள் ஆடி முடித்த மிச்ச நேரமும், கழற்றிய கவசங்களும் கிடைக்கும். அப்படி இரவல் வாங்கி ஆடியவர்கள், பொதுஜனங்களிடம் நன்கொடை திரட்டிக்கொண்டு 2016இல் தைபே நகரத்துக்குச் சென்று முதன்முதலாகச் சர்வதேசப் பந்தயத்தில் ஆடினார்கள், தோற்றார்கள். மறு வருஷம் பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் கட்சியை நாலுக்கு மூன்று என்ற கணக்கில் வென்றார்கள். அதுவே நம் பெண்களின் முதல் வெற்றி.

இந்த வெற்றியின் செய்தி கனடா வரைக்கும் போயிற்று. நான்கு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்ற ஹேலி விக்கன்ஹைஸர் என்ற வீராங்கனை 2018 ஜனவரியில் மூட்டை மூட்டையாக ஆட்டச் சாமான்களுடன் லேக்கு வந்து அந்தப் பெண்களோடு ஆடினார். அவ்வருஷமே அவர்கள் கனடாவிலுள்ள கால்கரி நகருக்குச் சென்று வந்தார்கள்.

அந்தக் குழுவின் கோல் கீப்பராக விளங்கிய நூர் ஜஹானைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவருடைய தொழில், நைந்துபோன பழைய துணிகளையும் பௌத்த மடங்களின் தங்கா என்ற துணிச் சித்திரங்களையும் கெடாமல் செப்பனிடுவது. நூற்றாண்டுகள் கண்ட துணியில் ஓர் இழை அறுந்திருந்தால் பொறுமையாக உட்கார்ந்து சீர் செய்கிற அதே கைகள், மாலையில் பறந்துவரும் ரப்பர் வட்டைத் தடுக்கின்றன. நெசவாளர் தெருவில் இதைச் சொன்னபோது பெரியவர்கள் ஹாக்கியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எந்த ஊசி கொண்டு தைக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். எனக்கு விடை தெரியவில்லை.

லடாக்கிலும் ஒரு கவலை இருக்கிறது. இயற்கைப் பனிக்கட்டி டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை, சுமார் இரண்டு மாதமே நிற்கும். உலகம் வெப்பமடைந்து வருவதால் அந்த இரண்டு மாதமும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. தலை நரைத்தவர்கள் தங்கள் சிறு பிராயத்தில் எந்தத் தேதியில் குளம் உறைந்தது என்று விரல் விட்டுக் காட்டினார்கள். வருஷத்தில் பத்து மாதம் ஐஸ் இல்லாமல் ஒருவர் ஐஸ் ஹாக்கி பழகுவது எப்படி? அவர்கள் சக்கரம் கட்டிக்கொண்டு பழகுகிறார்கள். நான் தேடாமல் கிடைத்த விடை இதுதான். எங்கள் ஊரில் பத்து மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதம் ஐஸ் இல்லை, அவ்வளவே வித்தியாசம்!

ஒரே வரிசையில் நான்கு சக்கரம் கோத்த ஸ்கேட்ஸை 'இன்லைன்' என்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு தளம் போட்ட மைதானத்தில் ஆடும் ஹாக்கியும் உண்டு. நம் நாட்டுச் சமவெளிகளிலிருந்து ஐஸுக்குப் போனவர்களில் பலர் இந்தச் சக்கர வழியாகப் போனவர்களே. சக்கர விஷயத்தில் தமிழ்நாடு யாருக்கும் பின்தங்கியதன்று. 2023இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டுக்களில் 3,000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்ற நம் பெண்கள் குழுவில் சென்னையைச் சேர்ந்த ஆரத்தி கஸ்தூரிராஜ் இருந்தார். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகப் பந்தயத்தில் ஆனந்த்குமார் வேல்குமார் என்ற சென்னை இளைஞர் 1,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கமே வாங்கிவிட்டார். காலை உந்தித் தள்ளும் முறை, உடம்பைத் தாழ்த்தும் முறை எல்லாம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். நிறுத்துவதுதான் வேறு. ஐஸில் அலகுகளைக் குறுக்கே திருப்பினால் பனித்தூள் பறக்க நின்றுவிடலாம். சக்கரத்தில் அந்த வித்தை அப்படியே செல்லாது. ஆகவே சக்கரத்தில் தேறியவர் ஐஸில் இறங்கும்போது நிற்கும் பாடத்தைப் புதிதாகப் படிக்க வேண்டும். அதற்குப் பெரிய ஐஸ் தளம் வேண்டுமானால், 2011இல் டேராடூனில் கட்டி நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது 2025இல் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. ரெயில் சார்ஜ் இருந்தால் போய் வரலாம். கவசங்களின் விலையைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பதே நல்லது. பெற்றோர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார்கள்.

ஊர் திரும்பியதும் அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பாட்டனார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வாத்தியாரய்யா, நான் எட்டு வயசில் தறிக்குழியில் கால் விட்டவன். அது நல்லது என்று சொல்லவில்லை. அந்தக் காலம் அப்படி. ஆனால் பதினைந்து வயசுக்கு மேல் வந்தவனுக்கு இழை கைக்கு அடங்காது. கால் மட்டும் அடங்குமா?" என்றார்.

உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தறியில் இருந்தவள் அப்பெண்ணின் தாயார். அவள் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவளல்ல. உத்திரமேரூர்ப் பக்கத்துப் பயிர்த்தொழில் செய்கிற வீட்டிலிருந்து பத்தொன்பதாம் வயதில் மருமகளாக வந்தவள். வரும்போது பாவு எது, ஊடை எது என்று தெரியாது. இப்போது மூன்று நாடா ஓட்டிக் கோர்வைப் புடவை நெய்கிறாள். உடலும் கரையும் சேருமிடத்தில் பிசிறு கண்டுபிடிக்க முடியாது. அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் திண்ணையில் இருந்த அந்தப் பெரியவரேதான். சத்தம் வந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, "ஐஸில் விழுந்தால் அடி அதிகமா, தரையில் விழுந்தால் அதிகமா?" என்று கேட்டார்.

"தரையில்தான் அதிகம். ஐஸில் வழுக்கிக்கொண்டு போய்விடுவதால் கொஞ்சம் குறையும்" என்றேன்.

"அப்படியானால் முதலில் தரையிலேயே விழட்டும்" என்றார்.

சென்னையில் ஒருவரிடம் பழைய இன்லைன் ஸ்கேட்ஸ் ஒரு ஜோடி குறைந்த விலைக்குக் கிடைத்தது. முழங்காலுக்கும் முழங்கைக்கும் தாயார் பழைய மெத்தைத் துணியை மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். பரீட்சை முடிந்ததிலிருந்து ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளத்தில் பழகுகிறாள். நேராகப் போக வந்துவிட்டது. இடப் பக்கம் திரும்பவும் வந்துவிட்டது. நிற்க மட்டும் இன்னும் வரவில்லை. கம்பி வேலியைப் போய்ப் பிடித்துக்கொள்கிறாள்.