எள்ளளவு மாலுமி

பெருஞ்சதுப்பு என்று பொருள்படும் தோ பாயோவில் இன்று அடுக்குமாடி வீடுகளே மிகுதி. அவ்வீட்டு மேசைமேல் ஒரு போர்க்கப்பலை நிறுத்த இயலுமா? இயலும், அளவுமுறை அறிந்தால் போதும்.

மாதிரிக் கப்பல் செய்வோர் பெரிதும் கையாளும் அளவுகளுள் ஒன்று 1:700. சப்பானிய நிறுவனங்கள் 1971 முதல் இதனைப் பரப்பின. அத்தொகுதிகளில் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள அடிப்பகுதி இராது. ஆதலின் மேசையே கடலாகும்.

1941 டிசம்பர் 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்தடைந்த ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’ 227 மீட்டர் நீளமுடையது. அதனை 700ஆல் வகுப்பின் ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் வரும். ஒரு மீட்டர் உயரத் தடுப்புக் கம்பி 1.4 மில்லிமீட்டராகும். இத்துணை நுண்மை பிளாஸ்டிக் வார்ப்பில் அமைவது அரிது; பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்தே அதனைச் செய்கின்றனர். 1.75 மீட்டர் உயர மாலுமியோ 2.5 மில்லிமீட்டர்; ஓர் எள்ளளவே!

அக்கப்பலும் ‘ரிபல்ஸ்’ கப்பலும் டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தான் கடலில் சப்பானிய விமானத் தாக்குதலால் மூழ்கின. 840 பேர் மாண்டனர். வகுப்பறையில் விகிதம் கற்பிக்கும் ஆசிரியர் இம்மாதிரியைக் காட்டலாம். அப்போது அந்த எள்ளளவு மாலுமியையும் மேல்தளத்தில் நிறுத்திக் காட்டுக. ஆளில்லாக் கப்பல் நீளத்தை மட்டுமே கற்பிக்கும், இழப்பைக் கற்பிக்காது.