அரிக்கேன் விளக்கும் அடுத்த வீட்டுக் கிணறும்

நம் பாட்டிமார்கள் அந்தி நேரத்தில் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைத்து ஏற்றிவைத்த அரிக்கேன் விளக்கை இன்று எத்தனை இல்லங்களில் காண முடியும்? சூறாவளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நம் நாவில் ‘அரிக்கேன்’ எனத் திரிந்தது. பலத்த காற்றிலும் அணையாது என்பதால் அவ்விளக்கு அப்பெயர் பெற்றது. விளக்கு பரணுக்குப் போய்விட்டது. ஆனால், புயல்கள் வருவது நின்றுவிடவில்லை.

நான் குடியிருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது இராஜபாளையத்தில். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர்கள். ‘புயல் என்பது கடற்கரைக்காரர்களின் பாடு, நமக்கென்ன?’ என்னும் எண்ணம் இங்கு பலருக்கும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தை இருளில் ஆழ்த்தியபோதும் எனக்கு அந்த எண்ணம் மாறவில்லை. மறு ஆண்டுதான் மாறியது.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு கடந்த நேரத்தில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளம் முதலிய அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து இரவு பகலாய் உழைத்தார்கள். ஆயினும், பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன.

ஒரு வாரம் கழித்து நாங்கள் சிலர் மெழுகுவத்தி, தார்ப்பாய், பால் பொடி ஆகியவற்றோடு அதிராம்பட்டினம் சென்றோம். என்னோடு மதரஸாவில் ஓதிய நண்பர் ஒருவர் அங்கே இருக்கிறார். மெழுகுவத்திக் கட்டுகளைக் கண்டதும் அவர் சொன்னார்: “இருட்டு பழகிவிட்டது ஹஜ்ரத். வாளியும் கயிறும் கொண்டுவந்தீர்களா?”

எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை. மின்சாரம் போனால் வெளிச்சம்தான் போகும் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் முதலில் போனது தண்ணீர். மோட்டார் ஓடினால்தானே மேல்நிலைத் தொட்டி நிறையும்? நண்பர் வீட்டிலும் கிணறு உண்டு. மோட்டார் பொருத்தியபோது அதன் வாயைக் கான்கிரீட்டால் மூடிவிட்டார். கப்பியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். காலடியில் நீர் இருந்தும் ஒரு குவளை எடுக்க வழியில்லை.

அத்தெருவில் திறந்த கிணறு இருந்தது ஒரே வீட்டில்தான். கிணற்றை மூடிவிடும்படி பலர் சொல்லியும் அவ்வீட்டுப் பெரியம்மா இணங்கவில்லையாம். பஜ்ருக்குப் பின் தொடங்கி இஷா வரை அவர் வீட்டு வாசலில் குடங்களின் வரிசை. முஸ்லிம்களும் இந்துச் சகோதரர்களும் சேர்ந்தே நின்றார்கள். பெரியம்மா திண்ணையில் அமர்ந்து ஒழுங்கு செய்தார். முதலில் கைக்குழந்தை உள்ள வீடு, அடுத்து நோயாளி உள்ள வீடு, பிறகு மற்றவர்கள். தம் வீட்டுக் குடத்தை அவர் கடைசியில்தான் இறக்கச் சொன்னார்.

ஒருநாள் ஒத்திகை

ஊர் திரும்பியதும் ஒரு விடுமுறை நாளில், பஜ்ரு தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவைத்தேன். மறுநாள் காலை வரை அதைத் தொடுவதில்லை என்பது ஏற்பாடு.

காலை எட்டு மணிக்கே முதல் சோதனை வந்தது. மிக்ஸி இல்லாமல் சட்னி அரைக்க என் மனைவி வழி தேடினார். “அம்மியைத்தான் கொல்லையில் துணி துவைக்கப் போட்டுவிட்டாயே அத்தா” என்று என் தாயார் நினைவூட்டினார். அஸர் நேரத்தில் தொட்டி வற்றியது. மஃரிபுக்குப் பின் டார்ச்சை எடுத்தால் உள்ளேயிருந்த பேட்டரி கசிந்து பாழாகியிருந்தது. இரவில் தாயார் கழிவறைக்குச் செல்லும் வழியில் தடுமாறினார். நான் தாங்கிப் பிடித்தேன். ஐந்து பேர் உள்ள எங்கள் வீடு ஒரு பகல்கூடத் தாங்கவில்லை.

அன்று கற்றதையும் பின்னர்க் கேட்டறிந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தண்ணீர்: பேரிடர்க் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தேவை என்பது நிவாரணப் பணியாளர்கள் உலகெங்கும் கொள்ளும் கணக்கு. புயல் அறிவிப்பு வந்தவுடன் இருக்கும் குடம், அண்டா, வாளி அனைத்தையும் நிரப்பி மூடிவையுங்கள். குடிநீரை, நன்கு கொதி வந்தபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவில், உளூச் செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யும் நமக்கு அது பெரும் பாடம்.

உணவு: குளிர்சாதனப் பெட்டியைத் திறவாதிருந்தால் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். ‘கெட்டுவிட்டதா?’ என்று அடிக்கடி திறந்து பார்ப்பதே கெடுத்துவிடும். இறைச்சியை உப்புக்கண்டமாக்கும் கலையை நம் பெண்கள் இன்னும் மறந்துவிடவில்லை. பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சினால் சில நாள் தாங்கும் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மருந்து: சர்க்கரை நோயாளியின் இன்சுலின் வெளியில் எத்தனை நாள் தாங்கும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவையுங்கள். ஒரு மண்பானைக்குள் சிறு பானையை வைத்து, இடையே ஈர மணலை நிரப்பினால் உட்பானை குளிர்ந்திருக்கும். மருந்தை நனையாதபடி கட்டி அதில் வைக்கலாம்.

நெருப்பும் புகையும்: உறங்குமுன் விளக்கை அணைத்து, பாத்திரங்களை மூடிவைக்குமாறு நபிமொழி நமக்குக் கற்பிக்கிறது. மெழுகுவத்திக்கும் இது பொருந்தும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னல் அருகிலோ ஓட்டாதீர்கள். மூடிய அறையில் கரியடுப்பை மூட்டாதீர்கள். அவற்றிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

மின்கம்பி: அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அருகில் எவரையும் விடாமல், 2021இல் தொடங்கப்பட்ட மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் நேரடியாகச் செருகுவது பெரும் தவறு. அம்மின்சாரம் தெருக் கம்பிக்குள் பாய்ந்து, நமக்காகக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிரைப் பறிக்கக்கூடும்.

மஹல்லாவின் கடமை

‘இதெல்லாம் கடற்கரைக்குத்தானே?’ என்போருக்கு ஒரு செய்தி. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதைக் கொண்டுவந்தது பெயர் சூட்டப்பட்ட புயல் அன்று. குமரிக் கடல் பகுதியில் உருவான வெறும் காற்றுச் சுழற்சியே. ஊர்கள் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டன, மின்சாரமும் நின்றது. காயல்பட்டினம் நம்மிடமிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவுதான்.

ஒரு வீடு தனியாக எவ்வளவுதான் சேமித்தாலும் சில நாட்களில் தீர்ந்துவிடும். ஆழ்துளைக் குழாயை மட்டும் நம்பியிருக்கும் என் வீட்டில் கயிறும் வாளியும் வாங்கி என்ன பயன்? எனவே சிலர் கூடிப் பேசினோம். எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் பழைய கிணற்றைப் பலகையிட்டு மூடியிருந்தார்கள். அதன்மேல் இரும்பு வலையும், பூட்டுடன் கூடிய சிறு கதவும் அமைத்து, பழையபடி கப்பியை மாட்டினோம். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் நோயாளி, எந்த வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி என்று ஒரு பட்டியலும் எழுதிவைத்தோம். வரிசையில் எவர் முதல் என்பதை அதிராம்பட்டினத்துப் பெரியம்மா கற்றுக்கொடுத்திருந்தாரல்லவா?

ஆண்டுக்கொரு முறை, ஐப்பசி அடைமழைக்கு முன், மதரஸாப் பிள்ளைகளை அக்கிணற்றடிக்கு அழைத்துச் சென்று ஆளுக்கொரு வாளி இறைக்கச் சொல்கிறோம். முதன்முறை சென்றபோது கயிற்றைப் பிடிக்கவே பலருக்குத் தெரியவில்லை. வாளி பாதி நீரோடு மேலே வந்தது. இப்போது ததும்பி வருகிறது.

உங்கள் தெருவில் திறந்த கிணறு எங்கே இருக்கிறது? இம்மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை விசாரித்து வையுங்கள்.