சின்ன ரிவால்வர்: கூடுதலாகக் கொடுக்கும் 250 டாலர் எதற்கு?

டெக்சாஸில் கடை வைத்திருக்கும் தமிழர்கள் இரண்டு பேர் சந்தித்தால், வாடகை, இன்சூரன்ஸ், வேலைக்கு ஆள் கிடைக்காதது என்று பேச்சு சுற்றி வந்து கடைசியில் துப்பாக்கியில் வந்து நிற்கும். "கல்லாவுக்குக் கீழே ஒண்ணு வெச்சிருக்கீங்களா?" என்ற கேள்வி இங்கே யாரையும் திடுக்கிட வைக்காது. வைத்திருப்பவர்களில் பலரிடம் இருப்பது ஐந்து தோட்டா போடும் குட்டி ரிவால்வர்.

எனக்கு மாதம் ஒருமுறையாவது ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகும் பழக்கம் உண்டு. அதனால் புதிதாக வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சாதா மாடல் போதுமா, கூடக் காசு போட்டு மெருகேற்றிய மாடலாக வாங்கணுமா?

அதிகம் விற்கும் ஒன்றையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 642. அலுமினியக் கலவை உடல், ஐந்து .38 ஸ்பெஷல் தோட்டா, இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குழல். சுத்தியல் உள்ளேயே மறைந்திருப்பதால் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. எடை 14.4 அவுன்ஸ், அதாவது 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இது சாதா மாடல்.

இதே 642-ஐ, நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் சென்டர் பிரிவு பளபளப்பாக்கி, உள்பாகங்களை இழைத்து, மரக் கைப்பிடி போட்டுத் தருகிறது. 2024-ல் 'அல்டிமேட் கேரி' என்ற வரிசையும் வந்தது. இருட்டிலும் ஒளிரும் முன்சைட், அகலமான பின்சைட், விரல் மேலே ஏறிப் பிடிக்கும்படியான கைப்பிடி. இதில் .38 தவிர .32 ஹெச் அண்டு ஆர் மேக்னம் ரகமும் உண்டு. அதில் ஆறு தோட்டா. சாதாவுக்கும் இவற்றுக்கும் விலையில் கடைக்குக் கடை ஏறக்குறைய 250 டாலர் வித்தியாசம்.

அந்தக் காசு எதற்குப் போகிறது என்று தெரிய, முதலில் இந்தக் குட்டித் துப்பாக்கியின் சிக்கல் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் ட்ரிக்கர்தான் சிலிண்டரையும் சுழற்றி, சுத்தியலையும் பின்னுக்கு இழுக்கிறது. அதற்கு விரல் கொடுக்க வேண்டிய இழுவை சுமார் 5 கிலோ. துப்பாக்கியின் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு! இழுத்து முடிப்பதற்குள் குழல் எங்கேயோ போயிருக்கும். குழல் குட்டை என்பதால் இரண்டு சைட்டுக்கும் இடையே தூரமும் குறைவு. சின்ன ஆட்டம்கூட இலக்கில் பெரிய விலகலாகத் தெரியும். எடை குறைவு என்பதால் உதையும் அதிகம். பெட்டியில் 'ஆரம்பநிலையாளருக்கு ஏற்றது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சுமக்க எளிது, சுடக் கஷ்டம்.

ஆகவே எந்த மாற்றம் இந்த இழுவையையும் உதையையும் பார்வையையும் சரிசெய்கிறதோ, அதற்குக் காசு கொடுக்கலாம். மற்றதெல்லாம் அலங்காரம். பளபளப்பான மரக் கைப்பிடி கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக இருக்கும். வேர்த்த கைக்கு ரப்பர்தான் தேவலை, உதையையும் அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். 'மூன் கிளிப்' என்ற வட்டத் தகடு இருந்தால் ஐந்து தோட்டாவையும் ஒரே தடவையில் போடலாம்தான். ஆனால் அந்த மெல்லிய தகடு பாக்கெட்டில் கிடந்து லேசாக வளைந்தாலே சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு கூட்டம், "சாதாவை வாங்கு, 20 டாலருக்கு ஸ்பிரிங் வாங்கி மாத்திக்கோ" என்று சொல்லும். இழுவை குறையும், உண்மைதான். கூடவே சுத்தியலின் அடியும் பலம் குறையும். தோட்டா வெடிக்காமல் 'டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால் அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்?

என் மச்சினன் ஹூஸ்டன் பக்கம் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை நடத்துகிறான். போன வருடம் அவன் வாங்கக் கிளம்பியபோது, "அத்தான், விக்கிறவர் பெர்ஃபார்மன்ஸ் சென்டர்தான் வாங்கணும்னு நிக்கிறாரு" என்றான். சாயங்காலம் கடையில் உட்காருவது யார் என்று கேட்டேன். "அவதான்" என்றான். அப்படியென்றால் அவளும் வரட்டும் என்றேன்.

ரேஞ்சில் மூன்றையும் வாடகைக்கு எடுத்தோம். மச்சினன் கை பெரிய கை. சாதா 642-ல் ஏழு கஜத்தில் ஐந்தும் தாளில் விழுந்தன. விலை கூடிய .38-ல் சுட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவன் மனைவிக்கு அப்படி இல்லை. சாதா மாடலின் ட்ரிக்கரைப் பாதி இழுத்ததும் விரல் நின்றுவிட்டது. மூன்றாவது தோட்டாவுக்குப் பிறகு உள்ளங்கை சிவந்துபோய், "அண்ணா, இது எனக்கு ஆகாது" என்று கீழே வைத்துவிட்டாள். பிறகு .32 அல்டிமேட் கேரியை எடுத்தாள். உதை பாதிதான். ஆறும் தாளில். இன்னொரு தடவை சுடலாமா என்று அவளே கேட்டாள்.

மச்சினனுக்கு மனசு ஒப்பவில்லை. ".32 எல்லாம் ஊர்ல பெரியவங்க வெச்சிருக்கிறது" என்றான். இந்தியாவில் .38 தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால் உரிமம் வாங்கியவர்களிடம் .32 இருப்பது சகஜம். அதனால் அது பழைய சரக்கு என்ற நினைப்பு நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. .32-க்கு உண்மையான குறை வேறு. அதன் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் கூடுதல். ஆனால் கையில் நிற்காத .38-ஐவிட இலக்கில் படும் .32 மேல். அதைத்தான் வாங்கினார்கள். தனக்கு மட்டும் என்றால் சாதா மாடலே அவனுக்குப் போதும். மிச்சமாகும் 250 டாலருக்கு .38 பயிற்சித் தோட்டா எட்டுப் பெட்டியாவது, அதாவது 400 தோட்டா வாங்கலாம். அதைச் சுட்டுப் பழகிய கைக்கு முன்னால் எந்த மெருகும் நிற்காது.

வாங்கும் முன் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அந்தக் கணக்கில்தான் வரும். "அண்ணே, உங்க பேர்ல வாங்கிக் குடுங்க, காசு நான் தர்றேன்" என்று தம்பிகள் கேட்பதுண்டு. அது ஃபெடரல் குற்றம். வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்திலேயே உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வி இருக்கிறது.

அடுத்தது பூட்டு. 5 கிலோ இழுவை குழந்தையைத் தடுத்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தை துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தும். அப்போது குழல் அதன் பக்கமே பார்த்திருக்கும். டெக்சாஸ் சட்டப்படி, அலட்சியமாக வைத்த, சுடத் தயாரான துப்பாக்கி 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்தாலே குற்றம். எனவே பட்ஜெட் போடும்போது முதல் செலவாக ஒரு நல்ல லாக் பாக்ஸை எழுதுங்கள். அதற்குக் காசு போதவில்லை என்றால், துப்பாக்கி வாங்கவும் காசு போதவில்லை என்றே அர்த்தம்.

கடைசியாக, கடை கவுண்டரில் யாரும் சொல்லாத ஒன்று. 2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,000 பேர். அதில் ஏறக்குறைய 27,000 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். நாம் திருடனை நினைத்து வாங்குகிறோம். ஆனால் வியாபாரம் நொடித்துப்போன அப்பா, படிப்பில் இடறிய பையன், ஊரை விட்டு வந்து பேச ஆளில்லாமல் இருக்கும் மருமகள் எல்லாரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். நம் வீடுகளில் இதை வெளியே சொல்லவும் மாட்டோம்.

அப்படி யாராவது மனசு உடைந்து இருக்கிறார்கள் என்று தோன்றினால் சாதாவும் வேண்டாம், மெருகேற்றியதும் வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், சட்டப்படி வைத்திருக்கத் தகுதியுள்ள, நம்பகமான ஒருவரிடம் கொஞ்ச நாள் கொடுத்து வையுங்கள். 988 என்ற எண்ணை அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் பேச ஆள் உண்டு. எந்த மாடல் என்ற கேள்வியை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.