முதிர்ந்த கலப்பியக்க மோட்டார் வண்டியின் மின்குறைகளை நாடியறிதல்

மோட்டார் வண்டி பெற்றோலை எரித்து ஓடுவது. அதிலுள்ள மின்கலவடுக்கு இயந்திரத்தைத் தொடக்குவதற்கும் விளக்கெரிப்பதற்கும் மட்டுமே உதவுவது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இவ்விளக்கம் போதியதாகவே இருந்தது. 1997ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் யப்பானில் ரொயோட்டா நிறுவனத்தார் பிறியஸ் என்னும் வண்டியை விற்பனைக்கு விட்டபின் இவ்விளக்கம் திருத்தம் பெற வேண்டியதாயிற்று. ‘முந்தியது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைப் பெயராகக் கொண்ட அவ்வண்டியைப் பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டரும் ஒருங்கே இயக்குகின்றன. இத்தகைய கலப்பியக்க வண்டியையே மக்கள் ஹைபிரிட் கார் என வழங்குகின்றனர். பிறியசின் இரண்டாம் தலைமுறை 2003ஆம் ஆண்டிலும், மூன்றாம் தலைமுறை 2009ஆம் ஆண்டிலும், அதன் தம்பி எனத்தக்க அக்குவா 2011ஆம் ஆண்டிலும் தோன்றின.

யப்பானில் ஓடிய இவ்வண்டிகள் இலங்கைக்குப் பெருந்தொகையாக வந்து சேர்ந்தன. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டமையால், இடைப்பட்ட காலத்தில் உள்ள வண்டியையே பேணி ஓட்டவேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. வண்டிகள் முதுமையெய்தின, குறைகளும் தோன்றின. கிளம்ப மறுக்கும் வண்டியைக் கண்டவுடன் “பெரிய பற்றரி போய்விட்டது” என்று தீர்ப்பளித்து, கடன்பட்டு அதனை மாற்றியபின், குறை வேறோரிடத்தில் இருந்ததென அறிந்து வருந்துவோர் உளர். ஆகவே, இக்குறைகளை முறைப்படி நாடியறியும் வழி ஆராயத்தக்கது.

இரு மின்கலவடுக்குகள்

கலப்பியக்க வண்டியில் மின்கலவடுக்குகள் இரண்டு உண்டு என்பதே முதலில் உணரவேண்டியது. ஒன்று, பின்புறத்தில் அமைந்த உயரழுத்த மின்கலவடுக்கு. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிறியசில் இது நிக்கல்-உலோக ஐதரைட்டு வகையைச் சார்ந்தது. ஒரு கலத்தின் அழுத்தம் 1.2 வோல்ற்று, ஆறு கலங்கள் சேர்ந்த ஒரு தொகுதி 7.2 வோல்ற்று, அத்தகைய 28 தொகுதிகள் தொடராக இணைந்து 201.6 வோல்ற்றைத் தருகின்றன. மற்றையது, சாதாரண வண்டிகளில் உள்ளதைப் போன்ற 12 வோல்ற்று ஈய அமில மின்கலவடுக்கு.

இவற்றுள் இயந்திரத்தைச் சுழற்றித் தொடக்குவது பெரியதே. சாதாரண வண்டிகளிலுள்ள தொடக்கு மோட்டர் இங்கே இல்லை. மின்பிறப்பாக்கியாகவும் தொழிற்படும் ஒரு மின்மோட்டரே அவ்வேலையைச் செய்கின்றது. சிறியது கணினிகளை விழிக்கச் செய்து, பெரியதை வண்டியின் சுற்றோடு இணைக்கும் ரிலேக்களை மூடுகின்றது. சிறியது சோர்ந்தால், பெரியது முழுமையாக நிறைந்திருந்தும் பயனில்லை. பெருஞ்செல்வம் நிறைந்த களஞ்சியத்தின் திறப்புத் தொலைந்ததைப் போன்ற நிலை அது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. சாதாரண வண்டியில் மின்கலவடுக்கு நலியும்போது இயந்திரம் மெதுவாகச் சுழன்று முன்னெச்சரிக்கை தரும். கலப்பியக்க வண்டியில் அவ்வெச்சரிக்கை கிடையாது. சிறிய மின்கலவடுக்கு பாரமான வேலை எதனையும் செய்யாமையால் அதன் முதுமை மறைந்தே கிடந்து, ஒரு நாட் காலையில் திடீரென வெளிப்படுகின்றது. மேலும், அழுத்தம் குன்றியபோது கணினிகள் தடுமாறி, எச்சரிக்கை விளக்குகள் பலவற்றை ஒருங்கே ஏற்றிவிடுகின்றன. பல விளக்குகள் எரிவது பல குறைகள் உள என்பதற்குச் சான்றாகாது. ஒரே மூலக்குறையின் பல நிழல்களாக அவை இருக்கலாம்.

நான்கு வினாக்கள்

வண்டி கிளம்பவில்லை என்னும் முறைப்பாட்டை நான்கு வினாக்களாகப் பகுத்தல் வேண்டும். வண்டி விழிக்கின்றதா? ஆயத்த விளக்கு எரிகின்றதா? இயந்திரம் சுழல்கின்றதா? சுழலும் இயந்திரம் எரிந்து இயங்குகின்றதா? முதல் வினாவுக்கு விடை காணாது மூன்றாவதற்குத் தாவுவதே பொருளையும் காலத்தையும் வீணாக்கும் வழி.

ஆயத்த விளக்கு எரிந்தும் இயந்திர ஒலி கேளாதிருத்தல் குறையன்று என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. மின்மோட்டரின் துணையால் வண்டி ஓசையின்றியே நகரவல்லது. தேவை ஏற்பட்டபோதே இயந்திரம் தொடங்கும்.

முதல் வினா: வண்டி விழிக்கின்றதா?

திறப்பின் சிறு கலம் தீர்ந்திருப்பினும் வண்டி விழிக்காதிருக்கலாம். ஆதலால் அதனை முதலில் சோதித்தல் எளிது. அடுத்து, சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ற்று மின்கலவடுக்கின் முனைகளில் வோல்ற்றுமானியை இணைத்துப் பார்த்தல் வேண்டும். 12.6 வோல்ற்று அளவிற் காட்டின் அது நிறைந்துள்ளது. 12 வோல்ற்றுக்குக் கீழிறங்கின் பெரும்பாலும் வெறுமையாகிவிட்டது. ஓய்வில் நன்றாகக் காட்டி, விளக்குகளை ஏற்றியவுடன் விரைந்து வீழ்ச்சியடையுமாயின் அதன் உள்வலிமை கெட்டுவிட்டது.

மின்கலவடுக்கு வெறுமையானமைக்குக் காரணமும் அறியப்படல் வேண்டும். அதனை வெளியிலிருந்து நிறைத்து, வண்டியிலிருந்து கழற்றி ஓரிரவு வைத்தல் நன்று. கழற்றிய நிலையிலும் அழுத்தம் வீழ்ந்தால் மின்கலவடுக்கே குறையுடையது. கழற்றியபோது நிலைத்து நின்று, இணைத்தபோது மட்டும் வீழ்ந்தால் வண்டியில் எங்கோ மின் கசிகின்றது. அணையாத பெட்டி விளக்கு, பின்னர் பொருத்திய வானொலி முதலியவற்றை ஆராய வேண்டும். ஆயத்த நிலையில் இம்முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ற்று காணப்படல் முறை. அது 12.6க்கு மேல் ஏறாவிடின், பெரிய மின்கலவடுக்கிலிருந்து சிறியதை நிறைக்கும் மாற்றி, அதன் உருகி, இணைப்புக் கம்பி ஆகியவற்றில் ஒன்று பழுதானது.

வேறொரு வண்டியின் மின்கலவடுக்கிலிருந்து உதவி பெறுங்கால் முனைகளை மாறி இணைத்தல் பெருங்கேடு. விலையுயர்ந்த மாற்றி நொடிப்பொழுதிற் கெடலாம். புதிய சிறிய மின்கலவடுக்கு வாங்குவோர், வண்டியின் உட்புறத்தில் வைத்தற்கேற்ற, வாயுவை வெளியேற்றும் குழாய் அமைந்த வகையையே தெரிதல் வேண்டும்.

இரண்டாம் வினா: ஆயத்த விளக்கு எரிகின்றதா?

வண்டி விழித்தும் ஆயத்த நிலை எய்தாவிடின், பிறேக் மிதியை முதலிற் கவனிக்க வேண்டும். மிதி அழுத்தப்பட்டதென்னும் செய்தி கணினியை அடையாவிடின் வண்டி ஆயத்தமாகாது. ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் பின்புற விளக்குகளைப் பார்த்தால் இது வெளியாகும். விளக்குகள் எரியாவிடின் ஆளியோ உருகியோ ஐயத்துக்குரியது.

இதன் பின்னரே பெரிய மின்கலவடுக்கு விசாரணைக்கு வருதல் வேண்டும். வண்டியின் கணினி பதிந்து வைத்துள்ள குறைக்குறியீடுகளை அதற்குரிய கருவியால் வாசித்து எழுதிக்கொள்ளல் அவசியம். 12 வோல்ற்று மின்கலவடுக்கைக் கழற்றுமுன் இதனைச் செய்யாவிடின் அப்பதிவுகள் அழிந்துபோதல் கூடும். ‘பி0ஏ80’ பெரிய மின்கலவடுக்கின் நலிவையும், ‘பி0ஏஏ6’ உயரழுத்தச் சுற்றின் காவலிடற் குறையையும், ‘பி0ஏ93’ நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் இன்வேட்டரின் குளிராக்கற் குறையையும் சுட்டுவன. குறியீடு சாட்சியே அன்றித் தீர்ப்பன்று. ‘பி0ஏ93’ தோன்றியவிடத்து இன்வேட்டரை மாற்றப் புகுமுன், அதன் நீர்ப்பம்பி ஓடுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஆயத்த நிலையில் நீர்த்தொட்டியினுள் நீர் அசையாது கிடப்பின் பம்பியே பழுதானது.

இரண்டாம் தலைமுறைப் பிறியசில் தொகுதிகள் இரண்டிரண்டாக 14 கட்டங்களாய் அளக்கப்படுகின்றன. ஒரு கலம் முற்றாகக் கெட்டால் அக்கட்டம் ஏனையவற்றைவிட ஏறத்தாழ 1.2 வோல்ற்று தாழ்ந்து நிற்கும். வண்டி ஓய்ந்திருக்கும்போதும் இவ்வேறுபாடு தெரியும். பாரம் ஏறும்போது மட்டும் வேறுபாடு தோன்றின், கலங்களின் முதுமை காரணமாகலாம். தொகுதிகளை இணைக்கும் செப்புத் தகடுகளிற் படிந்த களிம்பும் காரணமாகலாம். ஓமின் விதிப்படி, 100 அம்பியர் ஓடுகையில் 0.01 ஓம் தடை 1 வோல்ற்றை விழுங்கிவிடும். ஓர் இணைப்பில் ஏறிய களிம்பு ஒரு கலத்தின் சாவைப் போல வேடங்கொள்ளுதல் இவ்வாறே. எனவே, தகடுகளைத் துப்புரவாக்கி மீண்டும் அளந்த பின்னரே தொகுதியைக் குற்றஞ்சாட்டுதல் நீதியாகும்.

பின்னிருக்கையின் அயலிலுள்ள காற்றுவாயும் அதனோடிணைந்த விசிறியும் தூசியால் அடைபட்டால் மின்கலவடுக்கு வெம்மையுற்று விரைவில் முதுமையடையும். வெப்பநாட்டில் இதனை ஆண்டுதோறும் துப்புரவாக்கல் நன்று. நலிந்த ஒரு தொகுதியை மட்டும் மாற்றுதல் செலவு குறைந்த வழியெனினும், ஏனையவும் அதே வயதினவாதலால், சின்னாளில் வேறொன்று வீழ்வது இயல்பு. வண்டியை எத்தனை காலம் வைத்திருக்கப்போகின்றார் என்பதைக் கருதியே உரிமையாளர் இதனை முடிவுசெய்தல் வேண்டும்.

மூன்றாம், நான்காம் வினாக்கள்

ஆயத்த விளக்கு எரிந்தும், வேண்டியபோது இயந்திரம் சுழலாவிடின், தொடக்கும் மின்மோட்டர், இன்வேட்டர் என்பன ஆராயப்படும். சுழன்றும் எரியாவிடின் குறை பெற்றோல், தீப்பொறி, காற்று என்னும் பழைய மூன்றினுள் ஒன்றிலேயே அடங்கும். பெற்றோல் தீர்ந்த வண்டியைத் திரும்பத் திரும்பத் தொடக்க முயல்வோர் பெரிய மின்கலவடுக்கையும் வெறுமையாக்கி, ஒரு குறையை இரண்டாக்குவர். நெரிசலில் நெடுநேரம் நடுநிலைக் கியரில் நிற்றலும் தீது; அந்நிலையில் இயந்திரம் ஓடினும் மின்கலவடுக்கு நிறைவதில்லை.

மூன்றாம் தலைமுறை வண்டியொன்று காலையில் தொடங்கும்போது மட்டும் நடுநடுங்கி, பின்னர் சீராக ஓடுமாயின், அதனை மின்குறையென மயங்குதல் தவறு. கதிர்த்தி நீர் வெளியே ஒழுகாமலே குறைந்து வருமாயின், உருளைத்தலைக்குக் கீழுள்ள காஸ்கெற் கிழிந்து இரவில் நீர் உருளையினுட் கசிகின்றதென ஐயுறல் தகும்.

எல்லை அறிதல்

இவ்வாராய்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயரழுத்தம் பாய்வன. அவற்றைத் தீண்டுதல் உயிருக்கு ஆபத்து. பின்புறத்திலுள்ள பாதுகாப்புச் செருகியைக் கழற்றியபின்னரும் இன்வேட்டரின் கொள்ளளவிகளில் மின் தங்கிநிற்கும். பத்து நிமிடமாயினும் பொறுத்து, வோல்ற்றுமானியால் அளந்து உறுதிசெய்தல் வேண்டும். அச்செருகி மின்கலவடுக்கின் தொடரை இரு கூறாகத் துண்டிக்குமேயன்றி அக்கூறுகளை வெறுமையாக்காது. ஆகவே, பெட்டியைத் திறத்தல் காவற் கையுறையும் பயிற்சியும் உடையார்க்கே உரிய தொழில். திறப்பின் கலம், சிறிய மின்கலவடுக்கு, பிறேக் விளக்கு, நீர்த்தொட்டி, காற்றுவாய் என்பனவற்றைப் பார்த்தல் உரிமையாளர் எவர்க்கும் இயலும்.

கராஜுக்குச் செல்லுமுன் இந்நான்கு வினாக்களுக்கும் தாம் கண்ட விடைகளை ஒரு தாளில் எழுதிச் செல்பவர், வினைஞனின் வேலையை எளிதாக்குவதோடு தம் பொருளையும் காத்துக்கொள்வர். அளந்தறியாது மாற்றிய உறுப்பு, ஒருவேளை குறையை நீக்கினும், எக்குறை நீங்கியது என்பதைக் கூறமாட்டாது. அளந்தறிந்து மாற்றியதோ அடுத்த முறைக்கும் அறிவாக நிற்கும். வகுப்பறையில் மாணவர் கற்கும் ஓமின் விதியும் காரணகாரிய முறையும் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டிக்கும் பொருந்துவன என்பதற்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.