ஓர் இலையும் குறையாத கூடாரவல்லி

மார்கழி மாதத்தின் 27-ஆம் நாள் கூடாரவல்லி. பெரும்பாலும் ஜனவரி 11-ஆம் தேதியை ஒட்டி வரும் இந்நாளின் வைகறையில், திருமால் கோயில்களில் திருப்பாவையின் 27-ஆம் பாசுரம் சிறப்பித்து ஓதப்படுகிறது. பெருமாளுக்கும் ஆண்டாளுக்கும் அக்காரவடிசில் நிவேதனமாகிறது. கோயிலில் தொன்னையில் பெற்ற பிரசாதத்தோடு இல்லம் திரும்பும் குடும்பத்தினர், தம் வீட்டுத் தளிகையிலும் அதையே செய்து, பெருமாளுக்கு அமுது செய்வித்து, பின்னர்த் தாமும் உண்கின்றனர். பால், நெய், வெல்லம், பச்சரிசி ஆகியவற்றால் ஆன இந்த இனிய உணவே கூடாரவல்லி என்று பலரும் எண்ணுகின்றனர். ஆண்டாள் நாச்சியாரோ அப்பாசுரத்தை நெய்யோடு முடிக்கவில்லை. எல்லோரும் கூடி அமர்ந்து உள்ளம் குளிர்வதையே அதன் முடிவாக வைத்திருக்கிறாள்.

விட்டதும் ஒன்றாக, உண்பதும் ஒன்றாக

கூடாரவல்லியின் சுவையை அறிய, திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்திற்குச் செல்ல வேண்டும். நோன்பு தொடங்கும்போதே ஆயர்பாடிச் சிறுமியர் நெய்யையும் பாலையும் விலக்குகின்றனர். கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் வேண்டாம் என்கின்றனர். செய்யத் தகாதவற்றைச் செய்வதில்லை, பிறரைப் பற்றிக் கோள் சொல்வதில்லை, இயன்றவரை ஈவது என்றும் உறுதி பூணுகின்றனர். பாலும் நெய்யும் பெருகும் ஆயர் குலத்துப் பெண்கள் அவற்றையே துறப்பது எளிதன்று. அத்துறவை ஒவ்வொருத்தியும் தனித்தனியே மேற்கொள்ளவில்லை. உறங்குபவளையும் எழுப்பி, பிணங்குபவளையும் அழைத்து, அனைவரும் சேர்ந்தே நோற்றனர்.

நோன்பு கனியும் 27-ஆம் பாசுரத்தில் விலக்கியவை யாவும் திரும்பி வருகின்றன. கைவளையும் தோள்வளையும் தோடும் செவிப்பூவும் பாதத்தணியும் பூண்டு, புத்தாடை உடுத்தி, பாற்சோற்றை மூடுமளவு நெய் பெய்து, அது முழங்கை வரை வழிந்தோட உண்ண வேண்டும் என்று அச்சிறுமியர் கேட்கின்றனர். எதிரே கண்ணன் அமர்ந்திருக்க, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உண்ணவும் மறந்துபோனதால்தான் நெய் முழங்கை வரை வழிந்தது என்று உபன்யாசகர்கள் நயமுறக் கூறுவதுண்டு. பசி தீர்வதினும் அவனோடு கூடியிருப்பதே அவர்கள் நாடிய பேறு என்பது அதன் உட்பொருள்.

கண்ணனும் தனியே உண்பதை விரும்பியவன் அல்லன். யமுனைக் கரையில் ஆயர் சிறுவர் நடுவே அவன் அமர்ந்து உண்ட காட்சியை ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம் விரித்துரைக்கிறது. ஒவ்வொரு சிறுவனும் தன் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு வந்திருந்தான். தன் வீட்டு உணவின் சுவையை ஒருவன் மற்றவனுக்குக் காட்டி, சிரித்தும் சிரிக்கவைத்தும் உண்டனர். வேள்வியில் அவி கொள்ளும் பரம்பொருள், இடக்கையில் தயிர்ச்சோற்றுக் கவளத்தோடு அவர்களுள் ஒருவனாய் வீற்றிருந்தான். அதைக் கண்டே பிரமனும் மயங்கினான்.

உணவு தந்த அண்ணன்

அக்காரவடிசிலோடு மற்றொரு வரலாறும் பிணைந்துள்ளது. நாச்சியார் திருமொழியில், மதுரைக்கு வடக்கே திருமாலிருஞ்சோலையில் எழுந்தருளியிருக்கும் அழகருக்கு ஆண்டாள் ஒரு நேர்த்தி செய்துகொள்கிறாள். நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக வாயால் நேர்ந்துவைக்கிறாள். தடா என்பது பெரிய பானை. அழகர் இன்றே வந்து ஏற்பாராயின், ஒன்று என்பதை நூறாயிரமாக்கித் தருவதாகவும் அடுத்த பாசுரத்தில் கூறுகிறாள்.

அந்த நேர்த்தி சொல்லளவில் நின்றுவிட்டதே என்று சில நூற்றாண்டுகளுக்குப் பின் ஒருவர் உள்ளம் உருகினார். அவர் 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசர். அவர் திருமாலிருஞ்சோலைக்குச் சென்று, ஆண்டாள் நேர்ந்தபடியே வெண்ணெயும் அக்காரவடிசிலும் அழகருக்குச் சமர்ப்பித்தார். பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது, தன் குறையைத் தீர்த்த அவரை ஆண்டாள் அண்ணன் என்று அழைத்து எதிர்கொண்டாள் என்பது குருபரம்பரை வழக்கு. தங்கையின் மனக்குறையை அவள் கேளாமலே அறிந்து நிறைவேற்றுவது அண்ணனின் கடமை அல்லவா? இதனால் கோயில் அண்ணன் என்னும் திருநாமம் இராமாநுசருக்கு வாய்த்தது. காலத்தால் முந்திப் பிறந்த ஆண்டாளை உடையவருக்குத் தங்கை என்றே வைணவ உலகம் போற்றுகிறது. இந்த நினைவாகவே பல கோயில்களில் கூடாரவல்லியன்று பாத்திரம் பாத்திரமாக அக்காரவடிசில் சமர்ப்பிக்கப்படுகிறது.

கை நனைக்காத வீடு

நேர்ந்த உணவைப் படைத்ததால் பிறவாத அண்ணன் ஒருவன் கிடைத்தான். உடன்பிறந்தவர்களோ, ஒரே தாயின் கையால் உண்டு வளர்ந்தும், ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காமல் ஆண்டுகளைக் கழிப்பது ஊர்தோறும் காணப்படும் துயரம். பாகப்பிரிவினையில் தொடங்கிய மனத்தாங்கல், திருமணத்தில் முறைப்படி அழைக்கவில்லை என்ற வருத்தம், கோபத்தில் வாய் தவறி விழுந்த ஒரு சொல் எனக் காரணங்கள் பல. பண்டிகை நாளில் இரு வீட்டிலும் வடை, பாயசத்தோடு இலை போடப்படுகிறது. ஆனால், அங்கே இருக்க வேண்டியவர் இங்கே இல்லை, இங்கே இருக்க வேண்டியவர் அங்கே இல்லை.

கூடாரவல்லி என்ற பெயரே இவர்களை நினைவூட்டுகிறது. தன்னோடு கூடாதவர்களை வெல்பவன் என்று கோவிந்தனை விளித்துத் தொடங்குகிறது அப்பாசுரம். அத்தொடக்கச் சொற்களே மக்கள் வழக்கில் கூடாரவல்லி என்று திரிந்தன. கூடாதவர்களை வெல்லும் அப்பெருமான், கூடுபவர்களிடம் தானே தோற்றுப்போவான் என்று பெரியோர் பொருள் உரைப்பர். அவனைக் கொண்டாடும் நாளில், உறவினரிடம் ஒரு படி இறங்கிப்போவது இழிவாகாது.

எப்படி இறங்குவது என்பதற்கும் அடுத்த பாசுரத்திலேயே வழி இருக்கிறது. நாங்கள் அறியாத சிறுபிள்ளைகள், அன்பின் மிகுதியால் உன்னைச் சிறிய பெயரிட்டு அழைத்துவிட்டோம், சினம் கொள்ளாதே என்று 28-ஆம் பாசுரத்தில் சிறுமியர் வேண்டுகின்றனர். உனக்கும் எங்களுக்கும் உள்ள உறவை உன்னாலும் அழிக்க முடியாது, எங்களாலும் அழிக்க முடியாது என்றும் துணிந்து சொல்கின்றனர். குடும்பத்தில் நேரும் பூசல்களுள் பெரும்பாலானவை இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கும். அக்காரவடிசிலை ஒரு தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு தமையன் வீட்டுப் படியேறுபவர், பழைய கணக்கு எதையும் பேச வேண்டியதில்லை. பெருமாள் பிரசாதம் என்ற ஒரு சொல் போதும். பிரசாதத்தை மறுப்பவர் அரிது.

சமைத்தவருக்கும் ஓர் இலை

வாயிலுக்கு வெளியே நிற்பவரை அழைத்தாயிற்று. வீட்டிற்குள்ளேயே பந்தியில் சேராத ஒருவர் இருக்கிறார். அவர் அடுக்களையில் இருக்கிறார்.

அக்காரவடிசில் கைவிட்டு அகல முடியாத பண்டம். சர்க்கரைப் பொங்கலைப்போல் நீரில் வேகவைக்காமல், பாலிலேயே குழைய வேகவைப்பது பழைய முறை. ஓர் ஆழாக்குப் பச்சரிசியும் அதில் நாலில் ஒரு பங்கு பாசிப்பருப்பும் ஒரு லிட்டருக்கு மேல் பாலை வாங்கிக்கொள்ளும். அடி கனத்த வெண்கலப் பானையில், சிறு தீயில், பால் பொங்காமலும் அடிப்பிடிக்காமலும் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சோறு நன்கு மசியும் முன்பே வெல்லத்தைச் சேர்த்தால், அரிசி மேற்கொண்டு வேகாது. பால் கொதிக்கையில் சேர்த்தால் திரிந்துபோகவும் கூடும். ஆகவே வெல்லத்தைத் தனியே கரைத்து, வடிகட்டி, காய்ச்சி, பக்குவம் பார்த்தே கலப்பர். அதன்பின் நெய்யைச் சிறிது சிறிதாக விட்டு, ஏலப்பொடியும் வறுத்த முந்திரியும் சேர்ப்பர். இந்தப் பக்குவம் ஏட்டில் இருப்பதன்று. மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்கும், தாய் கையிலிருந்து மகள் கைக்கும் பார்த்துப் பார்த்தே வந்தது.

இத்தனை பாடுபட்டவர் பல இல்லங்களில் இன்றும் கடைசியில்தான் உண்கிறார். எல்லோருக்கும் பரிமாறி, அவர்கள் எழுந்து கைகழுவிய பின், தனியே அமர்கிறார். அதற்குள் அக்காரவடிசில் ஆறி இறுகிவிடுகிறது. நெய் வழிய அதை உண்ணும் பேறு, அதைச் செய்தவருக்கே கிட்டுவதில்லை. கூடியிருந்து உண்ண வேண்டும் என்ற பாசுரத்தை ஓதிவிட்டு, அவரை விட்டு உண்பது முறையாகுமா?

29-ஆம் பாசுரத்தில் அச்சிறுமியர் இறுதியாகக் கேட்பது பொன்னும் பொருளும் அன்று, தொண்டு செய்யும் பேறு மட்டுமே. அத்தொண்டை இல்லத்திலேயே தொடங்கலாம். அன்று பரிமாறும் கரண்டியைக் கணவரோ மகனோ ஏற்கட்டும். பிள்ளைகள் இலை போட்டுத் தண்ணீர் வைக்கட்டும். அக்காரவடிசில் பானையை நடுவே வைத்துவிட்டால், அனைவரும் ஒருசேர அமர்வதற்குத் தடையில்லை. அலுவலகம், பள்ளி என்று காலையில் ஆளுக்கொரு திசையாகப் புறப்படும் வீடுகளில், காலையில் நிவேதனம் செய்துவிட்டு, இரவில் எல்லோரும் திரும்பிய பின் பிரசாதத்தைச் சூடுபடுத்திச் சேர்ந்து உண்ணலாம். தனியே வாழும் பெரியவர் அடுத்த வீட்டில் இருப்பின், அவரையும் அழைத்து அமர்த்தலாம்.

நெய் எத்தனை கரண்டி விட்டோம் என்பதைக் கோவிந்தன் எண்ணிப் பார்ப்பதில்லை. வரும் கூடாரவல்லியன்று இலைகளை விரிக்கும்போது, வீட்டில் உள்ளோர் தொகையையும் இலைகளின் தொகையையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று. இரண்டும் ஒத்திருந்த பின் பரிமாறத் தொடங்கலாம்.