மழைத் தண்ணீர் போவது எங்கே?

ஒரு மணி நேரம் மழை அடித்து ஊற்றினால் வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் சில ஓடைகளாகிவிடுகின்றன. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் கான் தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிடுகிறது. பாடசாலை விட்டுப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய் ஒரு கையில் செருப்பும் மறு கையில் பிள்ளையுமாக நடக்க வேண்டியதுதான். உடனே அதிகாரிகளைக் குறை சொல்கிறோம். சொல்ல வேண்டியதும் உண்டு. ஆனால் இந்தத் தண்ணீர் எந்த வழியாக, எங்கே போய்ச் சேர வேண்டும் என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா?

கொழும்பு ஒரு பெரிய சட்டியைப் போன்றது. வடக்கே களனி கங்கை, மேற்கே கடல், கிழக்கே கோட்டை, கொலன்னாவைப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள். நடுவே கால்வாய்கள். அவற்றில் சில ஒல்லாந்தர் காலத்தில் படகு விடுவதற்காக வெட்டப்பட்டவை. சட்டியில் விழும் மழை வெளியேற விரல்விட்டு எண்ணக்கூடிய வாசல்களே உள்ளன. ஒன்று, கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியருகே களனி கங்கையில் திறக்கும் மதகு. இன்னொன்று, கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில் நிலத்துக்கடியில் கடலுக்குப் போகும் சுரங்கம். தெற்கே வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் கடலில் விழும் இடங்கள்.

களனி கங்கை பெருகும்போது மதகை மூடியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கங்கை ஊருக்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் நகரத்துக்குள்ளும் மழை பெய்தால், வடக்கு வாசல் அடைபட்ட தண்ணீர் மற்ற வழிகளைத் தேடுகிறது. அங்கேயும் தடை. பருவக்காற்றுக் காலத்தில் கடல் அலை மணலை வாரிக் கொண்டுவந்து கால்வாய் வாயில் மேடாக்கிவிடும். வெள்ளவத்தையில் இயந்திரம் வைத்து மணல் தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கிருலப்பனை வழியாக வெகு தூரத்துத் தண்ணீரெல்லாம் வந்து சேரும் வாய் அது.

1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. 2010 நவம்பரில் ஓர் இரவு மழையில் பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றது. அதன் பிறகுதான் 2012இல் உலக வங்கியின் 21 கோடி டொலருக்கும் அதிகமான கடனுதவியோடு பெரிய திட்டமொன்று தொடங்கியது. கால்வாய்க் கரைகள் கட்டப்பட்டன. முகத்துவாரத்தில் பழைய சுரங்கத்துக்குத் துணையாகப் புதியதொன்றும் குடையப்பட்டது. நல்ல வேலைதான். ஆனால் சீமெந்து மட்டும் போதாது.

குசினியில் தொட்டி நிரம்பினால் பக்கத்தில் ஒரு பாத்திரம் வைத்துத் தண்ணீரைப் பிடிக்கிறோமே, அந்தப் பாத்திரம்தான் சதுப்பு நிலம். மழையைத் தேக்கி வைத்து, வாசல் திறக்கும்வரை மெல்ல மெல்ல விடும். கொழும்பைச் சுற்றி இப்படி ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் எஞ்சியிருக்கிறது. இவற்றுக்காகவே 2018இல் உலகின் முதல் 18 'ஈரநில நகரங்களில்' ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. பெயர் கிடைத்தது, நிரப்புவது நின்றுவிடவில்லை. சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டிக் கொட்டி மலையாக்கிய மீதொட்டமுல்லையில், 2017 ஏப்ரல் 14ஆம் திகதி அந்த மலையே சரிந்து 30க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கவில்லை.

நமது பங்கும் இதில் உண்டு. கானுக்குள் போகும் லன்ச் சீட் ஒன்று பலகாரத் தட்டளவுதான். நூறு சேர்ந்தால் மதகின் கம்பியை அடைத்துவிடும். மெல்லிய பொலித்தீன் பைகளும் லன்ச் சீட்டும் 2017 செப்டம்பரில் தடை செய்யப்பட்டன. தடை காகிதத்தில் இருக்கிறது, பை கானில் இருக்கிறது. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் நமது கல்யாண வழக்கத்தில் லன்ச் சீட்டுக்கு வேலையே இல்லை. பார்சல் கட்டிக் கொடுக்கும் புதுப் பழக்கம்தான் குப்பையைச் சேர்க்கிறது. எஞ்சிய எண்ணெயையும் கானில் ஊற்றாதீர்கள். உறைந்து குழாயை அடைப்பது அதுதான்.

மழைக்காலத்தில் வானொலியில் நாகலகம் வீதி நீர்மட்டம் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளுங்கள். 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பெரியவர்களின் மருந்து ஆகியவற்றை ஒரே பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வருமுன்பே மெயின் சுவிட்சை நிறுத்திவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடவே கூடாது. வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் புண்ணுள்ள பிள்ளையை இறங்க விடாதீர்கள். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். மகளுக்கு வீடு கொடுப்பது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். வெள்ளவத்தையில் காணி விலை கேட்டால் தலை சுற்றும், கொட்டாஞ்சேனையிலும் மலிவில்லை. ஆகவே வெல்லம்பிட்டிய, கொலன்னாவைப் பக்கம் போகிறோம். 2016 மே மாதத்தில் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்த ஊர்கள் அவை. 2025 நவம்பர் இறுதியில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன 'டித்வா' சூறாவளியின்போதும் களனிக் கரைத் தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறியது. தங்க நகையை விற்று வாங்கிய வீட்டில், சீர்வரிசையாக வந்த அலுமாரி மிதப்பதைப் பார்ப்பதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன வேதனை?

அதற்காக அங்கே யாரும் குடியேறக் கூடாது என்பதல்ல. வாங்குமுன் விசாரியுங்கள் என்பதுதான். பிரகடனம் செய்யப்பட்ட தாழ்நிலத்தை இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நிரப்புவது சட்டவிரோதம். அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரை இவ்வளவு விசாரிக்கிறோம், மண்ணை விசாரிக்க மாட்டோமா? காணியை வெயில் நாளில் மட்டும் பார்க்காமல், மழை பெய்த மறுநாள் வாப்பாவையோ காக்காவையோ கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். 2016இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று தரகரிடம் கேட்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். அவர் சுவரில் கை வைத்தே காட்டிவிடுவார்.