வெள்ளகெவியா, வெள்ளகவியா? மலைப்பெயர்களை வரைபடத்தில் ஏற்றும்போது

இன்னைக்கு ஒரே ஒரு எழுத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

கொடைக்கானல்ல இருந்து பெரியகுளம் பக்கம் இறங்குற பழைய நடைபாதையில ஒரு ஊர் இருக்கு. சிலர் வெள்ளகெவி என்று எழுதுகிறார்கள், சிலர் வெள்ளகவி. கெவி, கெபி என்றால் குகை. மாதா கோயில்ல 'லூர்து கெபி'ன்னு சொல்றோமே, அதே சொல்தான். கவின்னா புலவர், பழந்தமிழில் குரங்கு என்றும் பொருள் உண்டு. ஊர்ப்பெயர் குகையிலிருந்துதான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனா வரைபடத்துல 'கவி'ன்னு ஏத்திட்டா, அந்தக் கேள்வியைக் கேட்கவே யாருக்கும் தோணாது.

இந்தக் குழப்பம் வரக்கூடிய வழி எளிது. பெயர் முதலில் ஆங்கில எழுத்தில் ஏறும். பிறகு அதைப் பார்த்து யாரோ தமிழில் எழுதுவார்கள். கொடைக்கானலையே எடுத்துக்குங்க. ஆங்கில எழுத்தில் ஒ, ஓ இரண்டும் ஒன்றுதான். அதனால கொடையா, கோடையா, கொடியா என்ற விவாதத்துக்கு ஆங்கில வரைபடம் ஒரு உதவியும் செய்யாது. பழனி அந்தக் காலத்து ஆங்கில நூல்களில் 'புல்னி' ஆனதும் இப்படித்தான். 1821ல் லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளந்தபோது எழுதிய குறிப்பில் வராககிரி என்ற பெயர் இருக்கு. இப்போ அந்தப் பெயரைச் சொன்னா எத்தனை பேருக்குத் தெரியும்?

2020ல் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டது. சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அது ஆங்கில எழுத்தைத் திருத்தும் முயற்சி. நான் சொல்றது அதுக்கு முந்தின வேலை.

அயர்லாந்தில் 1830களில் நில அளவைத் துறை அதைச் செய்தது. ஜான் ஓடோனவன் என்ற அறிஞர் ஊர் ஊராகப் போய், அயர்லாந்து மொழி பேசும் உள்ளூர் ஆட்கள் பெயரை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். வரைபடத்தில் அச்சானது என்னவோ ஆங்கில வடிவம்தான். ஆனா மூல வடிவம் பெயர்ப் புத்தகங்கள்ல தங்கிடுச்சு. இன்றைக்கு அங்கே பழைய பெயரை மீட்பவர்கள் அந்தப் புத்தகங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

நம்ம மலையில இதைச் செய்யணும்னா? "இது வெள்ளகவிதானே?"ன்னு கேட்கக்கூடாது, ஆமான்னு தலையாட்டிடுவாங்க. "இந்த இடத்துக்கு என்ன பேரு?"ன்னு மட்டும் கேளுங்க. குரலைப் பதிவு பண்ணுங்க, தமிழில் எழுதுங்க, அங்கேயே நின்று ஜிபிஎஸ் புள்ளி எடுங்க. தேன் எடுக்கப் போகும் பளியர் ஒரு பாறைக்கு ஒரு பெயரும், கீழே மாடு மேய்ப்பவர் வேறு பெயரும் சொன்னால் இரண்டையும் எழுதணும். பெயருக்குச் சொல்லும் கதையைத் தனிப் பத்தியில் வையுங்க. கதை பெயருக்குப் பிறகு முளைத்ததாகவும் இருக்கலாம்.

புதுப்பெயர்களையும் ஒதுக்க வேண்டாம். 'டெவில்ஸ் கிச்சன்' 1991ல் வந்த படத்துக்கப்புறம் குணா குகை ஆயிடுச்சு. அதையும் ஆண்டோடு குறிச்சு வைக்கணும். இன்னும் நூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து, குணான்னா எந்த ராஜான்னு கேட்பார்.